சுரூபத்தைக் கழட்ட மாட்டேன் என்றேன்

1. மூடி

ஸ்க்ரூ டிரைவர் என் கையில்தான் இருந்தது. கழட்டச் சொன்னது என் முதலாளி. நான் கழட்டவில்லை. அதற்காக வாங்கிய திட்டை இன்றைக்கு வாங்கினாலும் கழட்ட மாட்டேன்.

சாவு வீட்டு வேலை என்னுடையது. கோலா சிலாங்கூரில் சவப்பெட்டிக் கடை, முதலாளி சண்முகம் அண்ணன். உடம்பைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைத்து, கல்லறை வரைக்கும் கூடப் போவேன். "பயமா இல்லையா அக்கா?" என்று வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் கேட்பார்கள். செத்தவர்கள் இதுவரை என்னை ஒன்றும் செய்ததில்லை, உயிரோடு இருக்கிறவர்கள்தான் படுத்தி எடுப்பார்கள்.

அந்தப் பெண்களுக்கு நான் முதலில் காட்டுவது பெட்டியின் மூடியை. மூடிக்கு நடுவில் சின்னம் பூட்ட ஸ்க்ரூ துளை இருக்கும். இந்து வீடு என்றால் ஓம். சுரூபம் கும்பிடாத கிறிஸ்தவச் சபைக்காரர் வீடு என்றால் வெறும் சிலுவை. கத்தோலிக்க வீடு என்றால் பாடுபட்ட சுரூபம், அதாவது ஆண்டவர் உடம்போடு தொங்குகிற சிலுவை. இதில் மாற்றிப் பூட்டினால் தொலைந்தோம். ஒரு தடவை சபைக்காரர் வீட்டுக்கு ஓம் போட்ட மூடி போய்விட்டது. வேன் டிரைவர் வாசலிலேயே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கத்தோலிக்கப் பெட்டிக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழியில் இறக்குவதற்கு முன்னால் சுரூபத்தைக் கழட்டி மூத்த பிள்ளை கையில் கொடுப்போம். அது வீட்டுக்குத் திரும்பிப் போய்விடும். அந்த நேரத்தைத் தவிர வேறெப்போதும் நான் அதைக் கழட்டியதில்லை.

2. வெளுத்த சுவர்

சவரிமுத்து ஐயா எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டியவர். பங்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் எஸ்டேட் கோயிலில் செபம் நடத்தியவரும் அவர்தான். தோட்டத்தை விற்ற பிறகு அசாம் ஜாவா பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் குடியேறினார்கள். அவர் இறந்ததும் அவர் மனைவி மரியம்மா அம்மா தானே கடைக்குப் போன் போட்டார். "சுரூபம் வெச்ச பெட்டி கொண்டா ஸ்டெல்லா" என்றார். பூட்டிக்கொண்டு போனேன்.

பெட்டியை இறக்கும்போதே மூத்த மகன் தானியேல் வந்து மறித்தார். ரவாங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சுங்கை சோவில் ஒரு சபைக்குப் போகிறார். பணம் கட்டுவது அவர். குழி கத்தோலிக்கக் கல்லறையில் என்பதால் சாமியார் வருவதற்குத் தானியேல் ஒத்துக்கொண்டாராம், சுரூபத்துக்கு மட்டும் முடியாதாம். "அது விக்ரகம் அக்கா. கழட்டிட்டு வெறும் சிலுவை போடுங்க" என்றார்.

உள்ளே போனால் சுவரில் இருந்த ஆண்டவரின் திரு இருதயப் படத்தையும் காணோம். அவர்தான் இறக்கி, துணியில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறார். படம் இருந்த இடம் சதுரமாக வெளுத்து நின்றது. ஆணி மட்டும் அப்படியே இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. நானும் கத்தோலிக்கம்தான், சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வளர்ந்தவள். அதைப் போய் விக்ரகம் என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா? ஏன் தம்பி இப்படி என்று கேட்டே விட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

"நான் குடிச்சு ரோட்டுல கெடந்தப்போ, அப்பா இந்தப் படத்துக்கு முன்னாடி முட்டி போட்டுக் கெடந்தாரு. எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை பேசல. என்னைத் தூக்கி விட்டது எங்க சபைதான். சாயத்துக்கும் மரத்துக்கும் என்னக்கா தெரியும்?"

பாவமாகத்தான் இருந்தது. அவர் வலி பொய்யில்லை. ஆனால் அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? "அப்பா மேல இருக்கிற கோவத்த ஆண்டவர் மேல ஏன் தம்பி காட்டுறீங்க?" என்றேன். முகம் இறுகிப்போய் நகர்ந்துவிட்டார்.

சாயங்காலம் செபமாலை சொல்ல ஆட்கள் கூடினார்கள். பழைய எஸ்டேட் லயத்துச் சனங்கள்தான் பாதிப்பேர். அதில் இந்துப் பெண்களும் இருந்தார்கள். மரியம்மா அம்மா செபத்தைத் தொடங்கினார். தொடங்கியதும் எல்லோரும் ஒன்றாக அந்தச் சுவர் பக்கம் திரும்பினார்கள். படம் இல்லை, வெளுத்த சதுரம்தான் இருக்கிறது. அதைப் பார்த்துச் சிலுவை போட்டார்கள், கை கூப்பினார்கள். கடைசி மன்றாட்டு வரைக்கும் ஒருவரும் எங்கே படம் என்று கேட்கவில்லை.

தானியேல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். "படத்தத்தான் கும்பிட்டாங்கன்னா, படம் போனதோட நிறுத்தியிருக்கணுமில்ல தம்பி? இப்போ யாரக் கும்பிடுறாங்க?"

"அது பழக்கம் அக்கா."

"பழக்கந்தான். உங்களப் பார்த்ததும் சாப்பிட்டியான்னு உங்கம்மா கேக்குறதும் பழக்கந்தான்."

அவர் போனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார்.

3. போன்

கொஞ்ச நேரத்தில் சண்முகம் அண்ணன் கூப்பிட்டார். பணம் கட்டுகிறவன் சொல்வதுதான் நமக்குச் சட்டம், கழட்டிவிடு லா என்றார். பெட்டிக்குள் படுத்திருப்பது பணம் கட்டுகிறவர் இல்லையே அண்ணே என்றேன். வேலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். வேண்டும், ஆனால் கழட்ட மாட்டேன், வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். ஆள் இருந்தால்தானே அனுப்புவதற்கு? கண்டபடி திட்டிவிட்டுப் போனை வைத்தார்.

திரும்பினால் தானியேல் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கை நீட்டி ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டார். அவர் அப்பாவின் பெட்டி, அவர் கேட்கிறார், எப்படி இல்லை என்பது? கொடுத்துவிட்டேன். ஆத்திரத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் மூடி மேல் குனிந்தார். அதுவரைக்கும் மகனிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மரியம்மா அம்மா எழுந்து வந்தார். சுரூபத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"கழட்டு. என் கையையும் சேத்துக் கழட்டு."

தானியேல் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை மூடி மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்த அம்மா கையை எடுக்க ரொம்ப நேரம் ஆனது.

4. ஆணி

மறுநாள் கல்லறையில் சாமியார் செபம் முடித்ததும், கழட்ட வேண்டிய நேரத்தில் நானே கழட்டினேன். வழக்கப்படி மூத்த பிள்ளையிடம் நீட்டினேன். தானியேல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் பெட்டியைத் தோளில் சுமந்தார், மண் போட்டார், விம்மி அழுதார். ஆனால் சுரூபத்தை வாங்கவில்லை. மரியம்மா அம்மா வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், அந்த வெளுத்த இடத்தில் மாட்டு ஸ்டெல்லா என்றார். எனக்கு எட்டவில்லை. நாற்காலி போட்டு ஏறினேன், ஒரு கால் ஆடியது. தானியேல் வந்து பிடித்துக்கொண்டார். சுரூபத்தைத் தொடவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான் மாட்டி இறங்குகிற வரைக்கும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த படத்தை யாரும் கேட்கவில்லை.

நான் கிளம்பும்போது மரியம்மா அம்மா மகன் காதில் விழுகிற மாதிரியே என்னிடம் சொன்னார். "என் பெட்டிக்கும் இதே சுரூபந்தான். புதுசு வேணாம். நீயே வந்து இத எடுத்துப் பூட்டு."

சண்முகம் அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அடுத்த சாவு வந்தது, பேசினார். வேலை போகவில்லை.

இப்போது புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது இதுதான். பணம் யார் கட்டுகிறார்கள் என்பதை அண்ணன் கேட்டுக்கொள்வார். நீங்கள் கேட்க வேண்டியது, பெட்டிக்குள் படுக்கப் போகிறவர் எதைப் பார்த்துக் கை கூப்பினார் என்பது. ஓம் என்றால் ஓம், வெறும் சிலுவை என்றால் வெறும் சிலுவை. தானியேலுக்கே நான் பெட்டி கொண்டு போக நேர்ந்தால் வெறும் சிலுவைதான் பூட்டுவேன், வேறு யார் வந்து மாற்றச் சொன்னாலும் மாற்ற மாட்டேன்.

ஆனால் மரியம்மா அம்மாவின் மூடியில் அந்தச் சுரூபத்தை நான்தான் பூட்டுவேன். அன்றைக்கு அதன் மேல் கை வைத்து மறிக்க அந்த அம்மா இருக்க மாட்டார். என் கை இருக்கும்.