பிறந்த வீட்டுக் கோடிச்சேலை

அவிநாசியில் தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு, பழைய பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அம்மாவின் பிறந்த வீட்டைக் காகிதத்தில் தேடி நீங்களும் அலைந்திருந்தால் என் அவஸ்தை புரியும்.

மூத்த பிள்ளையின் சான்றிதழ்

பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்னால் புருஷன் இனிஷியல். ரேஷன் கார்டில் பழையதன் சுவடே இருக்காது. ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அதனால் மூத்த பிள்ளையின் சான்றிதழைத்தான் முதலில் தேடுவேன். அதில் தாத்தா பெயரும் ஊரும் சிக்கிவிடும்.

பல்லடத்திலிருந்து சரோஜா வந்தார். தலைப்பிள்ளை, வயது அறுபதை நெருங்குகிறது. பிறந்தது அவிநாசிப் பக்கம் என்பது மட்டும் தெரியும். அம்மா மாரக்காள் ஒரு வாரமாகப் பேச்சில்லாமல் படுத்திருக்கிறார். பிறந்த வீட்டைப் பற்றி அவர் என்றைக்குமே வாய் திறந்ததில்லையாம். சாவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கடைசிச் சேலை வரவேண்டுமே என்று சரோஜாவுக்குத் தவிப்பு. "ஏனுங்க, பொறந்த ஊட்டுக் கோடிச்சேலை இல்லாம எங்கம்மாளை எப்படீங்க எடுக்கறது?"

மாலை போட்ட படம்

சரோஜாவின் சான்றிதழில் தாத்தா பெயரும் ஊரும் கிடைத்தன. பெருமை பொங்க அவரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மாரக்காளின் தம்பி பழனிச்சாமி சுவரைக் காட்டினார். மாலை போட்ட படம். சரோஜாவைப் பெற்ற மூன்றாம் நாளே அக்கா இறந்துவிட்டாராம். காலில் முள்ளோடு அழுத ஏழு வயதுத் தம்பியிடம், எழுந்து வந்து எடுத்துவிடுகிறேன் என்றவர் எழுந்திருக்கவே இல்லை.

சரோஜாவின் அப்பா இரண்டாம் தாரம் கட்டி, செத்துப்போன மூத்த தாரத்தின் ஆவி கோபித்துக்கொள்ளக் கூடாதென்று அவளையும் மாரக்காள் என்றே கூப்பிட்டிருக்கிறார். அந்த மனத்தாங்கலில் இரு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. இளையவளின் சொந்தப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. எந்தக் காகிதத்திலும் கிடையாது. சரோஜா படத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "அப்ப இத்தனை நாளா நான் அம்மான்னு கூப்பிட்டது யாரைங்க?"

முள்

எங்கள் வீட்டுப் பெயரைச் சுமந்தவளுக்கு எங்கள் வீட்டுச் சேலைதான் என்று பழனிச்சாமி உடனே கிளம்பிவிட்டார். பல்லடத்தில் கட்டிலருகே நின்று, "அக்கா" என்றார். கிழவி கண் திறந்தார். இருவரும் முன்பின் பார்த்துக்கொண்டதில்லை. முள் சங்கதியை எங்களில் யாரும் அங்கே மூச்சு விடவில்லை, சத்தியம். அவர் பார்வை மெல்ல இறங்கிப் பழனிச்சாமியின் காலில் நின்றது. "முள்ளை எடுத்துட்டாங்களா, கண்ணு?"

பிறந்த வீட்டு விலாசம் தேடித் தரப்படும் என்ற என் போர்டின் கீழே, ஆள் யாரென்று என்னிடம் கேட்கக் கூடாது என்று இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.