விளக்கு இறக்காத தொட்டி

வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடி வளாகத்தின் சமையல் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் தொட்டியைக் கவனிப்பது என் மகளின் வேலை. கரித்தூள் கலந்தால் அதன் வழியே நுண்ணுயிர்கள் மின்சாரத்தைக் கைமாற்றிக்கொள்ளும், வாயு கூடும் என்பாள். போன மாதம், தூள் கலந்திருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்து குனிந்தவள் உள்ளிருந்து வந்த வாயுவில் மயங்கிவிட்டாள். உடனிருந்தவர் இழுத்ததால் பிழைத்தாள்.

“விளக்க எறக்கிப் பாத்துட்டு குனிஞ்சிருக்கலாம் இல்ல?” என்றேன். கோலார் சுரங்கத்தில் வேலை செய்த என் அப்பா, கயிற்றில் இறக்கிய விளக்கு அணையாமல் எரிந்தால்தான், உள்ளே மூச்சுக்காற்று இருக்கிறதென்று கிணற்றில்கூட இறங்குவார்.

“நல்ல ஐடியாம்மா! மீத்தேன் பத்திக்கிட்டு டேங்கே வெடிச்சிருக்கும்” என்று சிரித்தாள்.

எனக்குத் தெரிந்த ஒரே எச்சரிக்கை அவளைக் கொன்றிருக்கும்.

நேற்று வாயு கூடிவிட்டது என்று பூரித்தாள். இப்போதெல்லாம் நச்சுவாயு இருந்தால் ஒலிக்கும் கருவியை அவள் பையில் நானே வைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.