பின்சில்லுக்கு ஒரு பெயாரிங்

நேற்று ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வடை வாங்க நின்றேன். அடுப்பில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. அந்த வாசனையில் மற்றவர்களுக்குப் பசி வரும். எனக்கு அங்கே நிற்க முடியாது. வடை வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். இதைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், அக்காவோடு இருந்தேன். ஒரு பழைய காரை வாங்கி ஹயருக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அதைக் கார் என்று நான் ஒருவன்தான் சொல்வேன். இடது பக்கக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. ஏற்றம் வந்தால் ஏறியவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். உச்சிக்கு வந்ததும் என்னமோ நான் தூக்கிவந்ததுபோல என்னைப் பாராட்டிவிட்டு ஏறிக்கொள்வார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் அப்படி.

அக்காவின் புருஷன், என் மச்சான், தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்து அரைக்கும் ஃபேக்டரியில், மெஷின்களைப் பழுது பார்ப்பவர். ஒரு நாள் இரும்புத் துண்டு ஒன்று பாதத்தில் விழுந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் கடிதம் வந்தது. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு அவர் போட்ட மனுவுக்கு விசாரணை. புருஷனும் பெண்சாதியும் காலை ஒன்பது மணிக்கு நுவரெலியாவில் ஆஜராக வேண்டும். என் மனு தனி. அது முந்திய வருடமே சரியாகியிருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் ஒன்பதுக்குப் போய்ச் சேர முடியாது. அந்தக் காலோடு மச்சானால் பஸ் ஏறவும் முடியாது.

"நம்ம கார் இருக்குல்ல மச்சான்" என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

விசாரணைக்கு முதல் நாள் காலை நோர்வூட்டிலிருந்து திரும்பும்போது பின்பக்க இடது சக்கரம், எங்கள் பேச்சில் சில்லு, முனகத் தொடங்கியது. லயத்துக்கு வருவதற்குள் முனகல் அரைப்பாகிவிட்டது. தொட்டால் சுட்டது. மச்சான் நொண்டிக்கொண்டே வந்து, ஜாக்கில் தூக்கி நிறுத்திய சில்லை ஆட்டிப் பார்த்தார்.

"பெயாரிங் போச்சு மாப்ள. இதோட போனா எக்ஸல் தண்டு முறிஞ்சி பள்ளத்துலதான் கெடப்போம்."

பஸ் ஏறி ஹட்டனுக்கு ஓடினேன். கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரே ஒரு கடையில், அந்த அளவில் ஒரே ஒரு பெயாரிங் இருந்தது. கராஜ் பாஸ் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இத எக்ஸல்ல அமுக்கி ஏத்த பிரஸ் மெஷின் வேணும் தம்பி. நம்ம பிரஸ் ஒடஞ்சி கெடக்கு. ரெண்டு நாள் பொறுங்க." அவரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று நினைவில்லை. மழையில் பெயாரிங்கைச் சட்டைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

மத்தியானம் தொடங்கினோம். எங்களிடம் இருந்தது ஒரு ஜாக்கு, நான்கைந்து ஸ்பேனர், ஒரு உளி, ஒரு சுத்தியல். மச்சான் இஸ்தோப்பில் முக்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். பெயாரிங் ஏறியிருந்த எக்ஸல் வெளியே வர மறுத்தது. சில்லை மறுபடி மாட்டி நட்டுகளைத் தளர்வாக விட்டு, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுக்கச் சொன்னார். முப்பது தடவையாவது இழுத்திருப்பேன். திடீரென்று எக்ஸல் கழன்று, சில்லோடு சேற்றில் மல்லாந்தேன். பழைய பெயாரிங்கை உளியால் வெட்டிப் பிளப்பதற்குள் என் கைமுட்டியில் தோலே இல்லை.

புதியதைச் சூடாக்கினால் விரியும், குளிர்ந்த எக்ஸலில் தானாக இறங்கும் என்றார் மச்சான். அக்கா தன் இரும்புச் சட்டியில் என்ஜின் எண்ணெயை ஊற்றி அடுப்பில் வைத்தாள். பெயாரிங்கைக் கம்பியில் கட்டி எண்ணெய்க்குள் தொங்கவிட்டோம். எக்ஸலை, மலையிலிருந்து குழாய் வழியே விழும் பீலித் தண்ணீருக்கு அடியில் போட்டேன். அந்தத் தண்ணீரின் குளிர் உங்களுக்குத் தெரியும்.

"சூடு போச்சின்னா வழியில இறுகிப் புடிச்சிக்கும். அப்பறம் ஒண்ணும் செய்ய ஏலாது. நேரா எறக்கணும்" என்றார் மச்சான்.

நான் எக்ஸலை நிமிர்த்தி இரண்டு கையாலும் பிடித்தேன். அக்கா கம்பியைத் தூக்கிவந்து பெயாரிங்கை இறக்கினாள். பாதி வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது.

"சாயுது! சாயுது!" என்று மச்சான் கத்தினார். நான் கையை எடுத்தால் எக்ஸல் விழும். துணி எங்கே என்று தேட நேரமில்லை. அக்கா இரண்டு கட்டைவிரலையும் அந்த இரும்பில் வைத்து அழுத்தினாள். எண்ணெய் சொட்டுகிற, புகைகிற இரும்பில். பெயாரிங் நேரானது. சரேலென்று கீழே இறங்கி உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் அவள் அலறினாள்.

மறுநாள் எட்டரைக்கே நுவரெலியாவில் இருந்தோம். சில்லு முனகவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை. மச்சானைத் தூக்காத குறையாக உள்ளே கூட்டிப்போனேன். கேள்விகள் முடிந்தபின் கிளாக்கர் மைப்பெட்டியை அக்காவிடம் தள்ளினார். கட்டைவிரல் இரண்டும் கொப்புளம். வைத்த அடையாளத்தில் ரேகையே இல்லை, வெறும் கறுப்புத் திட்டு. மூன்று தரம் வைத்தாள். கொப்புளம் உடைந்து தாள் நனைந்தது. "பரவாயில்ல, போதும்மா" என்றார் அவர், நல்ல மனிதர்.

நாலு மாதத்தில் பதில் வந்தது. மனு தள்ளுபடி. மச்சான் வேறு தோட்டத்தில் இருந்த இரண்டு வருடத்துக்கு அத்தாட்சி போதவில்லையாம். பள்ளிக்கூட வாத்தியார் அந்த இங்கிலீஷ் கடிதத்தை மூன்று முறை எனக்குப் படித்துச் சொன்னார். விரல் அடையாளம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் நம்பவில்லை. அந்தக் கறுப்புத் திட்டுத்தான் காரணம், அவள் கையை நான்தான் சுட்டேன் என்று எனக்குள்ளேயே வைத்துப் புழுங்கினேன். அக்காவின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியாமல் வேறு லயத்தில் தனி அறை, ஒரு காம்பரா, எடுத்துக்கொண்டு போனேன்.

பிரஜாவுரிமை கிடைக்காதவர்களை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்க, சில வருடங்களில் அவர்களும் கிளம்பினார்கள். நான்தான் ஹட்டன் ஸ்டேஷனுக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற தலைமன்னாருக்குப் போகும் வண்டி வர நேரமிருந்தது. அங்கேதான் அந்தக் கறுப்புத் திட்டு விஷயத்தை அடக்க முடியாமல் சொன்னேன். அக்கா கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தாள்.

"அட கிறுக்கா, இத்தன வருஷமா இதையா வச்சிக்கிட்டு இருந்த? அதுக்கா வீட்டவிட்டுப் போன?" என்றாள். "ஒன்ன நான் நெருப்புல கைய வைக்கச் சொல்லியிருந்தா நீ வச்சிருக்க மாட்டியா?"

என் தலையைத் தடவினாள். வண்டி வந்துவிட்டது. மச்சான் ஜன்னல் வழியே கையை நீட்டினார். நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

திருச்சிப் பக்கத்திலிருந்து கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு வேறு ஊருக்குப் போகிறோம் என்று ஒன்று, அதோடு நின்றுபோனது. நான் எழுதிய இரண்டு திரும்பி வந்தன. இந்த மலையில் இப்போது பேரப்பிள்ளைகள்வரை எனக்கு இருக்கிறார்கள். அப்பா, மாமா, தாத்தா என்று நாள் முழுக்க யாராவது கூப்பிடுகிறார்கள். கிறுக்கா என்று கூப்பிடத்தான் ஆள் இல்லை.