ரோட்டைக் கடந்த ஆடுகள்

சாயங்காலம் கம்பெனி பஸ் ஓசூர் தாண்டினதும் ஃபோன்ல ஒரு குட்டி டாக்குமென்டரி பாத்தேன். அறுபதுகளோட கடைசியில எடுத்த கறுப்பு வெள்ளை. ஒரு பெரிய டைரக்டர் பேரிகை பக்கம் ஷூட்டிங் நடத்துறதை யாரோ கூடவே நின்னு எடுத்திருக்காங்க.

அவர் படம்னாலே புரியாதோன்னு எனக்குப் பயம். அவரோட ஒரு படத்துல ரோட்டை ஆடுங்க கடந்துகிட்டே இருக்குமே, அந்தக் காட்சி! "அது ஆடு இல்லக்கா, காலம்"னு சொல்வான் எங்க கம்பெனி ஃபிலிம் கிளப் செல்வின். ஞாயித்துக்கிழமை கிளப்ல அதைப் பத்தி நான் பேசணும். எனக்கு ஆடு மட்டும்தான் தெரிஞ்சுது. நமக்குத்தான் மண்டையில ஒண்ணும் ஏறலையோன்னு சோறே இறங்கல.

டாக்குமென்டரியில பாத்தா, ஷாட் நடுவுல நிஜமாவே ஒரு மந்தை உள்ள வந்துடுச்சு.

"கொஞ்சம் நிறுத்தும்மா"ன்னு மனுஷன் தமிழ்ல கெஞ்சுறார். மேய்க்கிற அம்மா தெலுங்குல வெளுத்து வாங்குறாங்க. விரட்ட ஓடின அசிஸ்டென்ட்டை அவரே தடுத்துட்டார். "விடுப்பா, அதுங்க வீட்டுக்குப் போகணும்ல."

கேமரா ஓடிகிட்டே இருக்கு. அதுதான் அந்தக் காட்சி! அப்புறம் நம்ம பக்கம் திரும்பிச் சிரிக்கிறார்: "ஆடு வரிசை முடியவே இல்ல. நான் என்ன பண்ண?"

அப்பாடா! பஸ்ஸுலயே சத்தமா சிரிச்சுட்டேன். இத்தனை வருஷமா பயந்த மனுஷனை ஒரே நிமிஷத்துல பிடிச்சுப்போச்சு.

பக்கத்து சீட்ல இருந்த செல்வின்கிட்ட காட்டினேன். சூளகிரி வர்ற வரைக்கும் அதையே திரும்பத் திரும்பப் பாத்தான். அப்புறம் மெதுவா சொல்றான்: "முடியாத ஆடுதான்க்கா காலம்."

டைரக்டர் எனக்குப் புரிஞ்சுட்டார். இவனை என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க.