அழித்தபின் ஓடிய தூரம்

இஞ்சினில் கோளாறு என்றால் கார் முகப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் படம் எரியும். அது இஞ்சின் படம்தான். ஆனால் புதுக்கோட்டையில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் யாரும் அதை இஞ்சின் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவர் தவளை என்பார், ஒருவர் குழாய் என்பார், துபாயிலிருந்து வந்த ஒருவர் ஹெலிகாப்டர் என்றார். நர்ஸம்மாவுக்கு அது அடையில் உட்கார்ந்த கோழி. "தம்பி, வண்டில கோழி உக்காந்துருச்சு. அப்பறம் வண்டியே உக்காந்துருச்சு" என்று அவர் முதன்முதலாக என் வாசலில் நின்று சொன்ன அந்தப் புதன்கிழமை மத்தியானம் வெயிலோடு அப்படியே எனக்குள் இருக்கிறது. அவருக்குப் பின்னால், ஒரு குட்டியானை லோடு வண்டி கயிறு கட்டி இழுத்து வந்த வெள்ளி நிறக் கார். அதன் முன் சீட்டில் அவருடைய வீட்டுக்காரர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

அரிமளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் முப்பது வருஷம் தடுப்பூசி போட்டவர் நர்ஸம்மா. முதலில் சைக்கிளில், பிறகு மொபெட்டில். அவர் ஓய்வு பெற்ற வருஷமே வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப்போனது. வாரம் மூன்று நாள் புதுக்கோட்டைக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். பஸ்ஸில் ஏறி இறங்க அவரால் முடியவில்லை. அதனால் அறுபது வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு, பழைய கார் ஒன்றை வாங்கினார் நர்ஸம்மா. வாங்கிய மூன்றாம் நாளே, ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதி வழியில் அது நின்றுவிட்டது. காரை இழுக்க வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் வீட்டுக்காரருடைய முறை போய்விட்டது. மறுநாள்தான் இனி. "இந்தக் காரு ஓடுற வரைக்குந்தான் தம்பி இவரு ஓடுவாரு. பாத்துச் செய்யி" என்றார்.

காரில் மாட்டினால் கோளாறைத் திரையில் காட்டுகிற ஸ்கேனரை நான் யாரிடமும் படித்ததில்லை. வீடியோ பார்த்து, கெடுத்து, திருத்தி, நானே கற்றுக்கொண்டது. அதனால் அதில் ஒரு பெருமை உண்டு. திரையில் வருவதையெல்லாம் வந்தவர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவேன். அன்றைக்கும் வாசித்தேன். "மூணாவது சிலிண்டர் வேலை செய்யலம்மா. தீப்பொறி குடுக்குற காயில் போச்சு. இந்தா இதப் பாருங்க, இந்த லைட்ட முன்னாடியே யாரோ அழிச்சிருக்காங்க. அழிச்சு எழுபத்தோரு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு." என் வாய் எப்போதும் கண்ணுக்கு முன்னால் போகும். சொல்லி முடித்த பிறகுதான் பின்கண்ணாடியைப் பார்த்தேன். பாதி உரிந்த பிள்ளையார் ஸ்டிக்கர். எனக்குத் தெரிந்த பிள்ளையார்.

நர்ஸம்மா விரல்விட்டு எண்ணினார். "வீட்டுக்கு ஓட்டியாந்தது இருபது. திங்கக்கெழம போயிட்டு வந்தது நாப்பது. இன்னைக்குப் பாதி வழி. அப்ப, எனக்கு விக்கிறதுக்கு முன்னாடியே அழிச்சிருக்காக."

அழித்தது நான். அதற்கு முந்தின சனிக்கிழமை, பழைய கார் விற்றுக் கொடுக்கிற புரோக்கர் அண்ணன் அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "லைட்ட அமத்தி விடு தம்பி, நாளைக்குப் பார்ட்டி வருது" என்றார். காயில் போயிருக்குண்ணே, மாத்திட்டுக் குடுங்க என்று நானும் சொல்லாமல் இல்லை. "அதெல்லாம் பார்ட்டி பாத்துக்கும். ஒனக்கென்ன?" என்றார். அழிக்கவா என்று ஸ்கேனர் ஒரு தடவை கேட்கும். ஆமாம் என்று அமுக்கினால் விளக்கு அணைந்துவிடும். கோளாறு எங்கேயும் போகாது. ஆனால் வண்டி அதை மறுபடி கண்டுபிடித்து விளக்கை எரியவிட ஓரிரு நாள் ஆகும். அதற்குள் வண்டி கை மாறிவிடும். இப்படி எத்தனை வண்டிக்கு அமுக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பார்ட்டி, பார்ட்டி என்றே பேசிப் பழகிவிட்டதில், அந்தப் பார்ட்டிக்கு ஒரு முகம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

"யாரு தம்பி அழிச்சிருப்பா?" என்று நர்ஸம்மா கேட்டார். கோபம்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"யாரோம்மா. இப்ப ஊரெல்லாம் இந்த மிசின் இருக்கு" என்றேன்.

"எங்க தடுப்பூசி கேம்ப்புக்கு ஆத்தாக்காரிக வருவாளுக பாரு, அந்தக் கதையாவுல்ல இருக்கு. புள்ளைக்குக் காய்ச்சல்னா ஊசி போடமாட்டோம்னு, மாத்திரையக் குடுத்துக் காய்ச்சல அமுக்கித் தூக்கிட்டு வருவாளுக. தொட்டா நெத்தி சில்லுன்னு இருக்கும். அவளுகளையும் திட்ட முடியாது தம்பி. அவளுகளுக்கு என்ன அவசரமோ." இதைச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கப் போனார். உடம்பில் நீர் தேங்கிவிடும் என்பதால் அவருக்கு ஒரு வாய்தான் கொடுக்கலாம். அளந்து கொடுத்தார்.

மறுநாள் அவருக்கு மூச்சு முட்டி, ஆக்சிஜன் வைத்துத்தான் டயாலிசிஸ் செய்தார்களாம். வெள்ளிக்கிழமை வந்தபோது, பஸ் தாமதமாக வந்ததைச் சொல்வதுபோல நர்ஸம்மா அதைச் சொன்னார். நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டு வருஷம் அந்தக் காரை நான்தான் பார்த்தேன். கூலி வாங்கவில்லை. அதை அவர் என் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டார். பலாச்சுளை கொண்டுவருவார். போகிற இடமெல்லாம் என் பட்டறைப் பெயரைச் சொல்வார். காருக்கு ஒரு நோட்டுப் போட்டு, நோயாளிக்கு எழுதுவதுபோல என்றைக்கு எந்த விளக்கு, என்ன வைத்தியம் என்று எழுதி வைத்தார். வீட்டுக்காரர் பேசுவது குறைவு. ஒருநாள் மட்டும், "என்னையும் அதுல மாட்டிப் பாருப்பா, என்ன கோளாறு காட்டுதுன்னு" என்றார். "ஒங்களுக்கு இருக்கிற லைட்டெல்லாம் எரியுது, பேசாம உக்காருங்க" என்று நர்ஸம்மா அதட்ட, மூன்று பேரும் சிரித்தோம். சொல்லிவிட அது நல்ல நேரமாகத் தெரிந்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று இருந்தேன். அடங்கியதும் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

மூன்றாம் வருஷம் ஆடியில் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். இருதயம் என்றார்கள். தவறிப்போன அந்த ஒரு முறைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் யாரிடம் கேட்பது? கேட்டிருக்கக் கூடிய ஒரே ஆள் நர்ஸம்மாதான்.

காரியம் முடிந்த பிறகு, காரை விற்க ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழக்கத்தில் என் கை ஸ்கேனரை எடுத்து மாட்டிவிட்டது. "வேணாம் தம்பி, எரியட்டும். அவுக பாத்து வாங்கட்டும்" என்றார். நோட்டை வாங்குகிறவர் கையில் கொடுத்தார். "இதுல எல்லாம் இருக்கு. எதுன்னாலும் இந்தத் தம்பிகிட்டயே விடுங்க. இந்தப் புள்ள மட்டும் இல்லாட்டி எங்க வீட்டுக்காரரு ரெண்டு வருசம் இருந்திருக்க மாட்டாரு." வாங்க வந்தவர் நோட்டைப் பிரித்தபோது முதல் பக்கம் எனக்கும் தெரிந்தது. குண்டு குண்டாக நர்ஸம்மாவின் கையெழுத்து: 'மூன்றாவது சிலிண்டர். முன்பே யாரோ அழித்திருக்கிறார்கள்.' என் சட்டைப்பையில் பேனா இருந்தது. புது ஆள் நிற்கிறாரே, ஞாயிற்றுக்கிழமை அரிமளம் போய்ச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு ஒரு கல்யாணம். அடுத்த ஞாயிறு மழை. அப்புறம் காரணம் தேடுவதையும் விட்டுவிட்டேன்.

விற்கிற வண்டிக்கு நான் இப்போது விளக்கை அழித்துக் கொடுப்பதில்லை. அதனால் எதுவும் நின்றுவிடவில்லை. ஒரு சின்னக் கருவியைச் செருகிப் போனிலேயே அழித்துக்கொள்கிறார்கள்.

போன தையில் நர்ஸம்மாவும் போய்விட்டார். சேதி கேட்டு மாலை வாங்கிக்கொண்டு அரிமளம் போனேன். பந்தல் நிறைய ஆட்கள், அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஓரமாக நின்றவனை அவர் மகள் அடையாளம் கண்டுகொண்டார். கோயம்புத்தூரில் இருப்பவர், அதுவரை என்னைப் பார்த்ததில்லை. "நீங்கதானே அந்தக் கார் மெக்கானிக் அண்ணன்? அம்மா வாய் ஓயாம ஒங்களப் பத்தித்தான் பேசுவாங்க. இங்கிட்டு வாங்க" என்று என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். சொந்தக்காரர்கள் வரிசையில் ஒருவரை எழுப்பி, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம்தான் இருந்தது. உட்கார்ந்தேன்.