சீட்டு கிழிந்த பாட்டில்

பெலெனீசே எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்த அன்றே எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்மின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். கல்யாணச் சாப்பாடு முடிந்து எங்கள் வீட்டுப் பக்கம் கை கழுவ வந்தவள் கழுவிக்கொண்டு போக வேண்டியதுதானே? மூடியைத் தூக்கினாள், எட்டிப் பார்த்தாள், மூடினாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். சொல்லாமல் போகிறவளை எப்படி நம்புவது?

அவள் கப்பலேறிப் போகும் சவாயி தீவுக்காரி. எங்கள் சமோவாவில் புருஷன் ஊருக்கு வந்த பெண் எத்தனை வருஷமானாலும் வந்தவள்தான். விருந்தில் கடைசியில்தான் சாப்பிடுவாள், பெண்கள் சங்கத்தில் வாய் திறக்க மாட்டாள். பெலெனீசே இதற்கெல்லாம் முகம் சுளித்ததே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு அவளுடையது. வெங்காய வலைப்பையில் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டாள். இருபது எண்ணும் வரை பிள்ளைகள் கையைத் தேய்க்க வேண்டும். என் மகள் சினேவா அவள் வகுப்புக்குப் போன ஒரே மாதத்தில், நான் தேங்காய் துருவ உட்கார்ந்தால் எதிரே வந்து நிற்க ஆரம்பித்தாள்.

“அம்மா, கை கழுவுனியா?”

“ஏன்டி, உன்னப் பெத்தப்ப கழுவுனேனான்னும் கேட்டுட்டு வரச் சொன்னாளா உங்க டீச்சர்?”

“அத நானே கேக்கலாம்னு இருந்தேன்” என்றாள். வாயைப் பாருங்கள்.

எங்கள் ஊரில் சுத்தம் பார்ப்பது பெண்கள் சங்கத்தின் வேலை. மாதம் ஒருமுறை தலைவி மகெரீத்தா விசில் ஊதிக்கொண்டு வருவாள், பின்னால் நாங்கள் பத்துப் பேர் போவோம். பாய், கொசுவலை, கக்கூஸ், சமையல் கொட்டகை எல்லாம் பார்ப்போம். குறை இருந்தால் கூட்டத்தில் அந்த வீட்டின் பேர் வாசிக்கப்படும். இதில் உள்ள சூட்சுமம் எல்லோருக்கும் தெரியும். விசில் சத்தம் கேட்டதும் கிழிந்த கொசுவலையும் அழுக்கு மூட்டையும், நாங்கள் பார்த்து முடித்த வீட்டுக்குப் பின்பக்கமாக ஓடிவிடும். நானே ஓட்டியிருக்கிறேன். ஊரே இப்படி ஏமாற்றும்போது நான் மட்டும் யாரை நம்புவது?

கல்லறைகளை நாங்கள் பார்ப்பதில்லை. எல்லா வீட்டு வாசலிலும் அந்தந்த வீட்டுக் கல்லறை இருக்கும். என் வாசலில் என் பெனி இருக்கிறான். நாலு வயதில், இரண்டு வருஷத்துக்கு முன் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டான். வெள்ளையடித்த மேடையின் நாலு மூலையிலும் நாலு பால் டப்பா. தினமும் காலையில் செம்பருத்தி வைப்பேன், தண்ணீர் குறைந்தால் ஊற்றுவேன். அவன் பிறந்தபோது பின்னிய தொப்பியில் மிஞ்சிய நீலக் கம்பளி நூலால்தான் பூவைக் கட்டுவேன். வேறு நூல் தொட மாட்டேன்.

அந்த மழைக்காலத்தில் பெலெனீசே புதிதாக ஒன்று தொடங்கினாள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரில் ஒரு பாட்டில் மொண்டு வர வேண்டும். பேர் எழுதிய சீட்டு ஒட்டி, வாயை வலைத்துணியால் கட்டி, ஜன்னலில் வரிசையாக வைத்தாள். எந்தத் தண்ணீரில் புழு நெளிந்து கொசுவாகிறது என்று பிள்ளைகளே பார்க்க வேண்டுமாம். அந்த ஜன்னல் தேவாலயம் போகும் பாதையைப் பார்த்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க நின்று யார் வீட்டுப் பாட்டிலில் புழு என்று படித்தது. மகெரீத்தா பேரன் பாட்டிலிலும் நாலைந்து நெளிந்தன.

“இன்னிக்கு ஜன்னல்ல வெச்சிருக்கா, நாளைக்கு சுகாதார ஆபீஸுக்கே நம்ம பேரெல்லாம் போகும்” என்றாள் மகெரீத்தா.

“நம்ம மானம் போனா அவளுக்கென்ன, கப்பலேறிப் போயிடுவா” என்று நான் எண்ணெய் ஊற்றினேன்.

சனிக்கிழமை சங்கம் கூடி அவளை விசாரிப்பது, சரியான பதில் வராவிட்டால் ஊர்த்தலைவர்கள் சபையில் சொல்லி அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டே எடுத்துவிடுவது என்று முடிவானது. சபை சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

வெள்ளிக்கிழமை நான் நேரில் பார்க்கப் போனேன். எங்கள் வீட்டுப் பேரில் பாட்டிலே இல்லை. கோடியில் ஒன்று மட்டும் சீட்டைச் சுரண்டி எடுத்த அடையாளத்தோடு இருந்தது. அதில்தான் புழு அதிகம்.

“எல்லாத்துலயும் பேர் இருக்கு. இது யாருது?”

“அத விடுங்கக்கா” என்று ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். யாரோ பெரிய வீட்டைக் காப்பாற்றி வேலையைத் தக்கவைக்கப் பார்க்கிறாள். வீட்டுக்கு வந்து சினேவாவைப் பிடித்தேன்.

“நீ ஏன்டி பாட்டில் கொண்டு போகல?”

காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “டீச்சர் சொல்ல வேணாம்னாங்க.”

பெற்ற தாயிடம் மறைக்கச் சொல்லிக் கொடுக்கிறாளா? இவள் கப்பலேறுவதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை ஜன்னலிலிருந்து அந்தப் பாட்டிலை நானே எடுத்துப் போய்க் கூட்டத்தின் நடுவில் பாய்மேல் வைத்தேன். பெலெனீசே ஓரத்துத் தூணருகே உட்கார்ந்திருந்தாள்.

“யாருதுன்னு சொல்லு. சொன்னா இத்தோட விட்டுடறோம்” என்றாள் மகெரீத்தா.

“சொல்ல மாட்டேங்கம்மா. பேர் ஒட்டுனது என் தப்பு. மத்ததுலயும் கிழிச்சிடறேன். ஆனா இது யாருதுன்னு மட்டும் கேக்காதீங்க.”

“வேலை போயிடும், தெரியும்ல?”

“தெரியும்.”

“பாருங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க” என்று நான் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். புழுக்கள் ஒரு பக்கமாகக் கொத்தாக ஒதுங்கியிருந்தன. அவற்றின் நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு நீலக் கம்பளி நூல் மிதந்தது.

நான் பெனிக்குப் பூக் கட்டும் நூல். பிள்ளையைக் கொன்ற கொசுவை அவன் கல்லறை மேலேயே நாலு டப்பாவில் வளர்த்திருக்கிறேன், தினமும் தண்ணீர் ஊற்றி. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெலெனீசே என்னைப் பார்த்தாள், அன்று டிரம்மை மூடியபோது இருந்த அதே முகத்தோடு.

“எங்க வீட்டுது. என் பெனி கல்லறையில மொண்டது” என்றேன்.

மகெரீத்தா, “கல்லறைய நாம பாக்கறதே இல்லியே” என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. அவள் வாசலிலும் மூன்று கல்லறை உண்டு. சபைக்குப் போவதைப் பற்றி அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் நாலு டப்பாவையும் கவிழ்த்தேன். சினேவா கடற்கரை மணலை வாளியில் கொண்டு வந்தாள். ஈர மணலிலும் பூ நிற்கும் என்று டீச்சர் சொன்னார்களாம். பெலெனீசே வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றாள். நான் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து மணலை அள்ளிப் போட்டாள்.

“பொண்ணு அழுதுட்டேதான் கொண்டு வந்தாக்கா. அம்மா மனசு உடைஞ்சிடும்னா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் தெரியல.”

நான் நீல நூலால் பூவைக் கட்டினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“உன் கல்யாணத்தன்னிக்கு எங்க டிரம்முல அப்படி என்னத்தப் பாத்தே?”

அவளுக்கு நினைவுக்கு வரவே சிறிது நேரமானது. “தண்ணி சுத்தமா இருந்துச்சுக்கா. அதான் ஒண்ணும் சொல்லல.”

“அதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல” என்றேன். ஏழு வருஷம் ஆகியிருந்தது.