அடுத்த கப்பலுக்குப் போகிறவன்

பினாங்கில் நான் வேலைபார்த்த விளக்குக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் சரக்கைப் பார்க்கமாட்டார்கள். பெட்டியைக் கவிழ்த்து, அடியில் எந்த நாட்டின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஜெர்மனி என்றால் மறுபேச்சில்லாமல் வாங்குவார்கள். ஜப்பான் என்றால் பாதி விலைக்குக் கேட்பார்கள். சீனாவில் சண்டை மூண்ட பிறகு ஜப்பான் பெட்டியைக் கண்டாலே சீனர்கள் படியிறங்கிப் போனார்கள். என் முதலாளியான சீனத் தவுக்கே அந்தப் பெட்டிகளைப் பின்கட்டில் போட்டுச் சாக்கால் மூடிவிட்டார். என்னையும் அப்படித்தான் கவிழ்த்துப் பார்த்தார்கள். மதராஸ் பக்கத்துத் தமிழர்களுக்கு நான் மலையாளத்தான், மலையாளிகளுக்குப் பாண்டிக்காரன். திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜை, பேசுவது தமிழ் என்று விளக்கினால் இரு சாராரும் சேர்ந்து சிரிப்பார்கள். சீனருக்கு இந்தத் தொல்லையே இல்லை. இந்தியன் எவனானாலும் அவர்களுக்கு இளக்காரமாக ஒரே பெயர்தான்: கிளிங்.

நான் மணவாளக்குறிச்சிக்காரன். கப்பல் ஏறுமுன் எங்கள் கடற்கரையில் கறுப்பு மணலை அள்ளிச் சாக்கில் கட்டும் கூலியாக இருந்தேன். காஸ் விளக்கில் மாட்டும் மேண்டில் என்ற சின்ன வலைப்பை அப்படி வெள்ளையாக எரிவது அந்த மணலிலிருந்து எடுக்கும் ஏதோ ஒரு சத்தினால்தான் என்று அங்கே கணக்கெழுதியவர் சொல்லியிருந்தார். ஒருநாள் பெருமை தாங்காமல், எனக்குத் தெரிந்த சந்தை மலாயில், "இந்த ஜெர்மன் மேண்டிலில் என் ஊர்ப் பாசிர் இருக்கிறது" என்று தவுக்கேயிடம் சொன்னேன். பாசிர் என்றால் மணல். மனிதர் பதறிப்போய்ப் பெட்டிகளை உடைத்து ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கினார். மணல் கலந்த கள்ளச் சரக்கு வந்துவிட்டதென்று நினைத்துவிட்டார்! பாடுபட்டுப் புரியவைத்தேன். அதன்பின் அவருக்கு இன்னும் கோபம் வந்தது. ஜெர்மன் சரக்கில் கிளிங் ஊர் மணல் என்று வாங்க வருகிறவர்களிடம் சொன்னால் என் வேலை போய்விடும் என்றார்.

முதல் லீவில் ஊருக்கு ஒரு காஸ் விளக்கோடு வந்தேன். வடசேரியில் பலசரக்குக் கடை வைத்திருந்த தாசையாவின் மகள் ரூத்தைப் பெண்பார்க்க ஏற்பாடாகியிருந்தது. பினாங்கில் யாரும் சீண்டாத கிளிங், நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் விலையேறிவிட்டான். அவர்கள் வீட்டில் விளக்கை ஏற்றியபோது தெருவே கூடிவிட்டது. ரூத் விளக்கைப் பார்த்தாளோ என்னைப் பார்த்தாளோ தெரியாது. நான் அவளைத்தான் பார்த்தேன். பிடித்துப்போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த வெளிச்சம் நம்ம மணவாளக்குறிச்சி மணலாக்கும். நான் பினாங்க விட்டுட்டு இங்கயே ஒரு விளக்குக் கடை வைக்கலாம்னு இருக்கேன்."

தாசையாவின் முகம் சுருங்கியது.

"மணவாளக்குறிச்சியில மாப்பிள்ளை எடுக்கதுக்கு எனக்குப் பினாங்கு எதுக்கு வேய்? அங்க மணலு சொமக்க பயலுவ எத்தன பேரு! நான் பொண்ணு குடுக்கது பினாங்குக்காரருக்கு. அந்த மணலு காரியத்த வெளிய சொல்லாண்டாம்."

தவுக்கேயும் தாசையாவும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனால் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலப் பேசினார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். கல்யாணம் நடந்தது. பினாங்குக்காரருக்கு மனைவியாகிவிட்டதால் ரூத் வடசேரியிலும், ரூத்துக்குக் கணவனாகிவிட்டதால் நான் பினாங்கிலும் இருந்தோம்.

அடுத்த லீவில் வந்தபோது ஓடியாடுகிற மகள் ஒருத்தி இருந்தாள். என்னைக் கண்டதும் பயந்து ரூத்தின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். அன்று நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. இனிக் கப்பல் ஏறமாட்டேன் என்று ரூத்திடம் சொன்னேன். அவள் அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள்.

"நீங்க போகாண்டாம்னுதான் எனக்கும். ஆனா அப்பாக்க மொகத்துல கரி பூசாண்டாம். லீவு நீட்டிக் குடுத்திருக்குன்னு நான் சொல்லிக்கிடுகேன்."

அந்த லீவு இன்னும் முடியவில்லை. இதைப் படிக்கும் பினாங்கு நண்பர்களே, ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்றுதான் பெயர்களையெல்லாம் மாற்றி எழுதியிருக்கிறேன். சும்மா இருப்பானேன் என்று மாமனார் கடையில் உட்கார்ந்தேன். இப்போது பூதப்பாண்டியிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். "பினாங்குக்காரரு கொள்ளாம்னு சொல்லுகாரு" என்று ஒரு நல்ல சொல் பரவினால் போதும், நம்மூர்ச் சோப்பும் சீமைச் சோப்பாகிவிடுகிறது. நான் ஊரோடு தங்கிவிட்டவன் என்று தெரிந்தால் வியாபாரமும் போகும், மருமகனைச் சொல்லி மாமனார் நிமிர்ந்து நடப்பதும் போகும். அவருக்கு இதெல்லாம் தெரியாதா? வியாபாரி, லேபில் கிழியாதவரை பெட்டியைத் திறந்து பார்க்கமாட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளுக்கு ஆள் ஒரே கேள்வி: "எப்பம் திரும்பிப் போறீரு?" அடுத்த கப்பலுக்கு என்பேன். என் ஊரில் நான் இருப்பதற்கு இப்படி ஒரு பொய் தேவைப்படுகிறது.

போன வாரம் கடையில் நல்ல கூட்டம். மாமனார் தராசருகே நின்றார். மகள் வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நீங்க எப்பம் போவீய?"

குடையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கூட என் வாயையே பார்த்தார். மாமனார் மட்டும் தராசைப் பார்த்தார்.

"அடுத்த கப்பலுக்கு, மக்கா," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். கடையடைத்து நான் வீட்டுக்குள் போனபோது, பிறர் கண்ணுக்காகக் கயிறு கட்டியே வைத்திருக்கும் என் டிரங்குப் பெட்டியின்மேல் மகள் தன் பாவாடை ஒன்றைக் கோணலாக மடித்து வைத்திருந்தாள். ரூத் அதை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.